வெண்கல வாங்கு

அந்த வெண்கல இலையில் புழு தின்ற ஓட்டை ஒன்று இருந்தது.

வேலை முடிந்து, தெருத் தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ரீட்காரில் வந்து இறங்கி, பார்க்டேலின் தெற்குப் பக்கத்துச் சின்னப் பூங்காவைக் குறுக்கே கடந்து வீட்டுக்குப் போவது குணவதியின் நாலு வருட வழக்கம். பூங்காவின் நடுவில் ஒரு நினைவுச்சின்னம். ஒரு சிற்பிக்காக அவருடைய மாணவர்கள் வைத்தது. ஆன்ஸெல்ம் ரீட்கர், ஜேர்மனியில் பிறந்து இந்த நகரத்தில் இறந்தவர் என்று நிலத்தில் பதித்த தகடு சொல்லும். பீடம், படி, கம்பிவேலி ஒன்றும் கிடையாது. நாலு பேர் தாராளமாக உட்காரக்கூடிய நீண்ட வெண்கல வாங்கு ஒன்று. அதன் ஒரு கோடியில், வேலை அங்கியோடு, ஆள் அளவில் ரீட்கர் உட்கார்ந்திருப்பார். முழங்கால்களின் மேல் கைகள். முகம் வாங்கின் வெறும் பக்கத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கும். பக்கத்தில் வந்து அமருங்கள் என்று தகட்டின் கடைசி வரி அழைக்கும். பிள்ளைகள் அமர்வார்கள். கலியாணச் சோடிகள் வந்து அமர்ந்து படம் எடுப்பார்கள். ஆட்கள் தொட்டுத் தொட்டு அவருடைய மூக்கும் வலது தோளும் மட்டும் பளபளவென்றிருக்கும், மற்றதெல்லாம் கறுத்த பச்சை.

1994 ஒக்ரோபர் கடைசியில் ஒரு நாள், அந்த வாங்கின் நடுவில் ஒரு மேப்பிள் இலை கிடந்தது. மஞ்சள் இலை. உட்காரலாம் என்று நினைத்துக் கையால் தட்டினாள். இலை அசையவில்லை. விரல் நோக, அப்போதுதான் குனிந்து பார்த்தாள். இலை உலோகம். நரம்புகள், நரம்புகளுக்கு இடையில் மயிர்போன்ற கிளை நரம்புகள், ஒரு ஓரத்தில் கறுப்புப் பூஞ்சையின் மேடு, நடுவில் புழு தின்ற ஓட்டை. ஓட்டையின் விளிம்பில் புழுவின் பல் பட்ட அரைவட்டங்கள்கூடத் தெரிந்தன.

வேறு யாராக இருந்தாலும் "வடிவாயிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். குணவதிக்குப் போக முடியவில்லை. நகரத்தின் நடுவில் நகை வார்க்கிற தொழிற்சாலை ஒன்றில், மெழுகுப் பகுதியில் அவளுக்கு வேலை. மோதிரம் ஒன்று எப்படிப் பிறக்கிறது என்று யாராவது கேட்டால் அவளுக்குச் சாப்பாடே வேண்டாம். முதலில் றப்பர் அச்சு. அது நடுவால் பிளந்த இரண்டு பாதி. அதற்குள் உருகிய மெழுகைப் பீச்சி ஆறவிட்டால் மெழுகு மோதிரம் வரும். அதைச் சுற்றிப் பிளாஸ்ரர் கூழை ஊற்றி இறுகவிட்டுச் சூளைக்குள் வைத்தால் மெழுகு உருகி எரிந்து போய்விடும். மோதிரத்தின் வடிவத்தில் ஒரு வெற்றிடம் மட்டும் மிஞ்சும். அந்த வெற்றிடத்துக்குள் பொன்னை ஊற்ற வேண்டியதுதான். வெண்கலச் சிலையும் அப்படித்தான், அளவுதான் பெரிது. ஆனால் அச்சின் இரண்டு பாதியும் சந்திக்கிற இடத்தில், எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும், மயிரளவு கோடு ஒன்று விழும். அந்தக் கோட்டைச் சின்னக் கத்தியால் சுரண்டி எடுப்பதுதான் ஆறு வருடமாகக் குணவதியின் வேலை. எந்த உலோகப் பொருளைக் கண்டாலும் அவளுடைய கண் முதலில் கோட்டைத்தான் தேடும்.

இலையில் கோடு இல்லை. சுரண்டிய தடமும் இல்லை. வாங்கோடு ஒட்டிய இடமும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் தம்பியிடம் சொன்னாள். ஜனார்த்தன் சோபாவில் படுத்துக்கொண்டு கலியாணத்துக்குச் சொல்ல வேண்டியவர்களின் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நவம்பர் இரண்டாவது ஞாயிறு, றிச்மண்ட் ஹில் கோயிலில் அவனுக்கும் சுபாங்கிக்கும் கலியாணம். அப்பாவும் அம்மாவும் இல்லாத வீட்டில் அவனை வளர்த்ததும், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனைப் பிடித்து ஊரில் இருந்து இங்கே எடுத்ததும் குணவதிதான். அவளுக்கு இந்த உலகத்தில் அவன் ஒருத்தன்தான் சொந்தம்.

"சிற்றி கவுன்சில்காரன் கொண்டந்து ஒட்டியிருப்பான் அக்கா."

"ஒட்டினா ஒட்டின இடம் தெரியோணுமெல்லே?"

"உங்களுக்கு எல்லாத்திலயும் கோடு தெரியோணும். நல்ல காலம், சுபாங்கியை நீங்கள் கத்தியோட போய்ப் பொம்பிளை பாக்கேல்லை."

மறுநாள் சூளை அறைக்குப் போய் அருள்நாயகத்தைக் கேட்டாள். அவர் தொழிற்சாலையின் வார்ப்புக்காரர். வழிவழியாகப் பொன்வேலை செய்கிற பத்தர் குடும்பம்.

"ஏன் முடியாது? அச்சே தேவையில்லைப் பிள்ளை. இலையை அப்பிடியே பிளாஸ்ரருக்குள்ள வச்சுச் சூளையில போட்டா இலை எரிஞ்சுபோம். அந்த இடத்தில உலோகம் போய் நிக்கும். வண்டு, விதை, கோழிச்செட்டை, எரியிற எது எண்டாலும் வார்க்கலாம்."

"அப்ப கோடு விழாது."

"எப்பிடி விழும்? அது நகல் இல்லையே. அதுதான் அது." அவர் சூளைக் கதவின் கண்ணாடியால் உள்ளே எட்டிப் பார்த்தார். "ரெண்டு விசயம் கவனிக்கோணும். பிளாஸ்ரர் இறுகும்வரைக்கும் பொருள் அசையக்கூடாது. பிறகு உள்ளுக்க மிஞ்சிற சாம்பலை ஊதித் தள்ளிப்போடோணும்."

விளக்கம் கிடைத்தது. ஆனால் நிம்மதி கிடைக்கவில்லை. சூளையில் சுட்ட இலையை வாங்கில் எப்படி ஒட்டாமல் பொருத்தினார்கள்? புது வெண்கலம் மழையிலும் வெயிலிலும் கிடந்து கறுக்க வருடக்கணக்காகும். மூன்றாம் நாள் அவள் பார்த்தபோது இலை ரீட்கரின் அங்கியைப் போலவே கறுத்துப் பச்சை பிடித்திருந்தது. அதற்குப் பக்கத்தில், இன்னும் மஞ்சளாக, ஒரு விட்டில்பூச்சி. அடுத்த வாரம் ஒரு குருவி. கால்கள் இரண்டும் சுருங்கி, கண் பாதி மூடி, ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. செத்து விழுந்து கிடந்த குருவி அப்படித்தான் கிடக்கும். குனிந்தபோது மெல்லிய வாசம் ஒன்று வந்தது. இறகு கருகிய வாசம். வாங்குக்குக் கீழே, புல்லின் மேல், நெற்றியில் பூசுகிற திருநீற்றைவிட மென்மையாகச் சாம்பல்.

யாரோ இரவில் வந்து விளையாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். கலைஞர்கள். பைத்தியங்கள். அப்படி நினைத்துக்கொண்டே, ரீட்கரின் முகத்தைப் பார்க்காமல், வாங்கில் இருந்து நாலு அடி தள்ளி நடந்தாள்.

வியாழக்கிழமை காலை பொன்னுருக்கல். தாலிக்கு வேண்டிய பொன்னை நல்ல நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டில் வைத்து உருக்க வேண்டும். குணவதியின் வீடோ பதினோராம் மாடியில். அருள்நாயகம் குத்துவிளக்குக்கு முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்து, உருக்குகிற மண்கிண்ணமான மூசைக்குள் பொற்காசைப் போட்டு, கையடக்கமான காஸ் விளக்கின் நாக்கை அதன் மேல் பிடித்தார். காசு சிவந்தது. விளிம்பு தளர்ந்தது. ஒரு துளியாகக் கூடி உருண்டு மினுங்குகிற நேரத்தில் கூரையில் இருந்த புகை மணி வீரிட்டது.

"தம்பி! துவாயை எடுத்து விசுக்கு!" என்று குணவதி கத்தினாள்.

ஜனார்த்தன் பட்டுவேட்டியோடு கதிரையில் ஏறி நின்று துவாயால் விசிறினான். "அண்ணை, கெதியா உருக்குங்கோ, ஃபயர் எஞ்சின் வந்தா அவங்களுக்கும் சாப்பாடு குடுக்கோணும்."

"உருகிறது ஒரு துளி, கத்திறது முழு பில்டிங்குக்கும்," என்றார் அருள்நாயகம், கை நடுங்காமல். பிறகு உருண்டையைத் தட்டில் வைத்து நீட்டினார். "சரி. மாப்பிள்ளை, இனிக் கேளும். பொன் உருக்கியாச்சு. இனித் தாலி கட்டேக்கதான் பொம்பிளையின்ர முகம் பாக்கலாம். அதுக்கு முந்திப் பாத்தா ரெண்டு பேருக்கும் கூடாது."

"ரெலிபோனில கதைக்கலாமோ?"

"குரலுக்குத் தடையில்லை."

எல்லோரும் சிரித்தார்கள். குணவதி சிரிக்கவில்லை. தம்பியின் சிரிப்பில் ஏதோ ஒரு அவசரம் இருந்ததை அவள் கவனித்தாள்.

அன்று பின்னேரம் பால் வாங்கி வருகிறேன் என்று போனவன் ஒரு மணித்தியாலம் கழித்து, பால் இல்லாமல், சீட்டியடித்துக்கொண்டு திரும்பி வந்தான்.

வெள்ளிக்கிழமை குணவதி ஸ்ரீட்காரால் இறங்கியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. வாங்கில் ஒரு கையுறை கிடந்தது. கம்பளிக் கையுறை, இடது கைக்கானது, விரல்கள் லேசாக மடிந்து. ஊசி நூலைக் கொளுவி இழுத்த ஒவ்வொரு கண்ணியும், கண்ணிக்குள் பிரிந்து நின்ற ஒவ்வொரு இழையும் மஞ்சள் உலோகத்தில் நின்றன. மணிக்கட்டில் மூன்று சின்ன மொட்டுகள். அந்த மொட்டுகளை அவளுக்குத் தெரியும். சுபாங்கியின் தாய் யோகராணி தன் கையால் பின்னிக் கொடுத்த சோடி அது. நிச்சயதார்த்தத்தில் அவளே வாங்கிப் பார்த்துப் புகழ்ந்தாள்.

அப்போது அவள் செய்ய வேண்டியது ஒன்று. அவள் செய்தது வேறொன்று. பயப்பட வேண்டிய இடத்தில் அவள் கோபப்பட்டாள்.

இங்கே வந்து சந்தித்திருக்கிறார்கள். பொன் உருக்கிய அன்றே. என் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு. காதெல்லாம் சூடாகிவிட்டது. கையுறை எப்படி உலோகமானது என்ற கேள்வி அந்தக் கோபத்தின் கீழே எங்கோ போய் ஒளிந்துகொண்டது. போகத் திரும்பியபோதுதான் ரீட்கரின் கை கண்ணில் பட்டது. கறுத்த பெருவிரல். நகக்கண்ணில் வெள்ளையாக ஏதோ. அருள்நாயகத்தின் நகங்களில் அவள் தினமும் காண்கிற அதே வெள்ளை. காய்ந்த பிளாஸ்ரர்.

பறவை எச்சமாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு நடந்தாள். வேகமாக நடந்தாள்.

தம்பியிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வான், பகிடி விடுவான், அவளும் சிரித்துத் தொலைப்பாள். அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து யோகராணிக்கு ரெலிபோன் எடுத்தாள்.

"உங்கட மகளை வெளிய விடாதேங்கோ அன்ரி. ரெண்டும் பார்க்கில சந்திக்குதுகள்."

"ஐயோ! பொன் உருக்கின பிறகோ? இவளுக்கு என்ன விசரே!" அந்தப் பக்கம் மூச்சு வாங்கியது. "நீ ஒண்டுக்கும் யோசியாதை பிள்ளை. ஞாயிறு விடியும்வரைக்கும் இவள் என்ர கண்ணுக்கு முன்னாலதான். ரெலிபோனையும் என்ர அறைக்குள்ள வைக்கிறன்."

குணவதிக்கு அன்றிரவு நன்றாக நித்திரை வந்தது.

சனிக்கிழமை இரண்டரை மணிக்கு ஜனார்த்தன் சப்பாத்துக் கட்டினான்.

"எங்க?"

"தலைமயிர் வெட்ட."

"நேற்றுத்தானே வெட்டினனீ."

"ஒரு பக்கம் கூடிப்போச்சு," என்று சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தினான். போகட்டும், அவள் வரமாட்டாள், குந்தியிருந்து பார்த்துவிட்டு வரட்டும் என்று குணவதி பலகாரம் சுடப் போனாள்.

மூன்றரை. நாலு. அவனுடைய பேஜருக்கு அடித்தாள். பதில் இல்லை. நாலரை. மறுபடி அடித்தாள். ஜன்னலுக்கு வெளியே வானம் ஈயம்போல இறங்கி வந்தது. தேடி வெளிக்கிடுவோமா என்று நினைத்த நேரம் ரெலிபோன் அடித்தது.

"அக்கா..." சுபாங்கி. கிசுகிசுப்பு. "அம்மா குளிக்கிறா. ஜனா வீட்டை வந்திட்டாரோ?"

"இன்னும் வரேல்லை. நல்லா இருந்து பாக்கட்டும். உங்கள் ரெண்டு பேருக்கும்..."

"அக்கா, பேசுறதைப் பிறகு பேசுங்கோ. நான் வேற இடம் வாங்கோ எண்டு சொன்னனான். அவர்தான் அந்த வாங்கிலதான் எண்டு நிண்டவர். எனக்குப் பயம் எண்டால் பகிடி பண்ணுறார்."

"என்ன பயம்?"

"வியாழக்கிழமை கையுறையைக் கழட்டி வச்சிட்டு மறந்து வந்திட்டன். ஸ்ரீட்கார் தரிப்பில ஞாபகம் வந்து திரும்பி ஓடினனான். பத்து நிமிசம்கூட ஆகேல்லை அக்கா, அதுக்குள்ள அது வெண்கலமாக் கிடந்தது. ஆர் வந்தது, ஆர் செய்தது? அங்க ஒருத்தரும் இல்லை. அந்தாளைத் தவிர."

எண்ணெய்ச் சட்டியில் பலகாரம் கருகுகிற வாசம் வந்தது. குணவதி அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஜனா என்ன சொன்னவன்? சரியாச் சொல்லு."

"நீ வரும்வரைக்கும் இருந்த இடத்தை விட்டு எழும்பமாட்டன், சத்தியம் எண்டார். பகிடிக்குத்தான்..."

அடுப்பை நிறுத்தினாளோ இல்லையோ தெரியாது. லிஃப்ற் ஒவ்வொரு மாடியாக நின்று நின்று இறங்கியது. அந்தச் சின்னப் பெட்டிக்குள் அவளுடைய மூளை, எதையும் எப்படி நடக்கிறதென்று பிரித்துப் பார்க்கிற அந்த மூளை, தானாகவே கணக்குப் பார்த்தது. அந்த வாங்கில் எத்தனையோ பிள்ளைகள் ஏறி இறங்கினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கலியாணச் சோடிகள் வந்து சிரித்துப் படம் எடுத்துப் போனார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளைகள் ஆடுவார்கள். சோடிகள் எழும்பிப் போவார்கள். இலை போகவில்லை. விட்டில் போகவில்லை. குருவி போகவில்லை. கையுறை போகவில்லை. அசையாமல் கிடந்ததை மட்டும்தான்.

கையுறைக்குப் பத்து நிமிடம்.

அவன் போய் இரண்டேகால் மணித்தியாலம்.

அவள் ஓடினாள். குளிர்ச்சட்டைப் பொத்தான் போடாமல், வீட்டுச் செருப்போடு. பூங்காவின் விளக்குகள் அப்போதுதான் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. மரங்களின் கீழே ஒருவரும் இல்லை. நாய்கூட இல்லை. தூரத்தில் வாங்கு. வாங்கில் இரண்டு உருவம். ஒன்று ரீட்கர். மற்றது, மறுகோடியில், இடது கால்மேல் வலது காலைப் போட்டு, ஒரு கையை வாங்கின் முதுகில் நீட்டி.

அவன் உட்காரும் விதம். சின்ன வயதில் இருந்தே அப்படித்தான் உட்காருவான்.

அவள் ஓட்டத்தை நிறுத்தினாள். கண்ணீர் வந்தது. கோபமும் வந்தது.

"எருமை! எத்தினை தரம் பேஜர் அடிச்சனான்! உனக்குக் காது இல்லையே? அவள் வரமாட்டாள், நான்தான் சொல்லிக் குடுத்தனான், எழும்பி வா வீட்டை!"

அவன் திரும்பவில்லை.

"ஜனா. பகிடியை விடு."

அவனுடைய முகம் ஸ்ரீட்கார் தரிப்புப் பக்கம் பார்த்திருந்தது. புருவம் கொஞ்சம் உயர்ந்திருந்தது. தூரத்தில் வருகிற ஒருத்தி அவள்தானோ என்று பார்க்கிற பார்வை.

"தம்பி."

சாம்பல். சப்பாத்தைச் சுற்றி. காற்று அதைச் சுருட்டி எடுத்துப் பாதையோரமாகக் கொண்டுபோனது. அவளுடைய செருப்பின் மேலும் கொஞ்சம் படிந்தது. அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

ஜாக்கெற்றின் சிப்பில் ஒவ்வொரு பல்லும் தெரிந்தது. கன்னத்தில், காலையில் சவரக்கத்தி பட்ட சின்னக் கீறல். புது மஞ்சள். மடிப்புகளில் வெள்ளைப் பிளாஸ்ரர்.

கண் தானாகத் தேடியது. வேண்டாம் என்றாலும் தேடியது. காதின் பின்னால். தாடையின் கீழ். கழுத்து. தோள். கையின் ஓரம்.

கோடு இல்லை.

அவள் ரீட்கரைப் பார்த்தாள். ரீட்கர் அவளைப் பார்க்கவில்லை. அவர் தன் வாங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் பனி கொட்டத் தொடங்கியது. அந்த வருடத்தின் முதல் பனி. சத்தமில்லாமல், பெரிய பெரிய இதழ்களாக, விளக்கு வெளிச்சத்துக்குள் இறங்கியது. ரீட்கரின் தலையில் தங்கியது. தோளில் தங்கியது. வாங்கில், இலையில், குருவியின் பாதி மூடிய கண்ணில் தங்கியது. அவளுடைய கையிலும் தங்கியது.

அவன் மேல் தங்கவில்லை.

தோளில் விழுந்த பனி "ஸ்ஸ்" என்று மறைந்தது. தலையில் விழுந்தது மறைந்தது. கிட்டப் போனாள். சூளைக் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அதே சூடு.

இதற்கு விளக்கம் இருக்கிறது. ஊற்றிய வெண்கலம் உடனே ஆறாது. விரல் போன்ற மெல்லிய இடங்கள் முதலில் ஆறும், தடித்த இடங்கள் பிறகு. நெஞ்சுப் பக்கம் கடைசி. வெளியே குளிர்ந்தாலும் உள்ளே சூடு நிற்கும். பனி உருகித் தண்ணீராகும். தண்ணீர் எங்காவது ஒரு இடுக்கால் உள்ளே இறங்கும். உள்ளே இறங்கினால் ஆவியாகும். ஆவி வெளியே வரத்தானே வேண்டும். அதுதான். வேறொன்றும் இல்லை. அதனால்தான் அவனுடைய உதடுகளுக்கு இடையில் இருந்து மெல்லிய வெள்ளை ஆவி வருகிறது.

ஆவி நின்றது.

வந்தது.

நின்றது. வந்தது.

குணவதி தன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். பூங்காவில் வேறு எதுவும் அசையவில்லை. அவனுடைய மூச்சு நிற்கவில்லை.